டின்னில் வடித்த தண்ணீர்

"எதோட கணையமுங்க?" என்று அத்தா கேட்டார்.

எங்கள் டாக்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. மேசை மேலிருந்த ஊசிமருந்துப் பெட்டியைக் கையில் எடுத்து, பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார்: "மாட்டோடதும் இருக்கும், பன்னியோடதும் இருக்கும், பாய். சீமையில ரெண்டையும் கலந்துதான் செய்யறாங்க."

அத்தா முக்காலியின் மீது நீட்டியிருந்த இடது காலை மெல்லக் கீழே இறக்கினார். புண்ணின் மீது கட்டு இன்னும் முழுதாகச் சுற்றப்படவில்லை. துணியின் நுனி தரையில் இழுபட்டது.

"அப்ப அது வேண்டாங்க" என்றார்.

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து நான் வந்து இறங்கிய வாரம் அது. கட்டை விரலுக்கு அடுத்த விரலில், புதுச் செருப்பு கடித்த இடத்தில், சிறு கொப்புளமாகத் தொடங்கிய புண் என்று சொன்னார்கள். நான் பார்த்தபோது அது விரலின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. அத்தாவின் உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது, அது இறங்காமல் புண் ஆறாது, புண் ஆறாவிட்டால் காலை இழக்க நேரும் என்பதை டாக்டர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மிருகங்களின் கணையத்திலிருந்து எடுக்கும் அந்த இன்சுலினைப் போட்டால் இறங்கும். அத்தா போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்த மறுப்பை வெறும் பிடிவாதம் என்று எண்ணுவோருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊட்டிக் கடைவீதியில் எங்கள் கடை துரைமார் பங்களாக்களுக்குச் சரக்கு விற்கும் கடை. பிஸ்கட், ஜாம், பாலாடைக்கட்டி, டின்னில் அடைத்த காய்கறி என்று கப்பலில் வருவதெல்லாம் எங்களிடம் கிடைக்கும். பன்றி இறைச்சி டின் மட்டும் கிடைக்காது. அதைக் கேட்டு வந்த சமையற்காரர்கள் மற்றச் சாமான்களையும் வேறு கடையிலேயே வாங்கிக்கொண்டார்கள். நல்ல பங்களாக்கள் சில அப்படிக் கைவிட்டுப் போயின. அதற்காக அத்தா வருந்தி நான் கண்டதில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்து, உயிருக்கு ஆபத்து என்றால் மருந்துக்கு விலக்கு உண்டு என்று எடுத்துச் சொன்னார். அத்தா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவர் போன பிறகு, "அவரு சொல்றது சட்டம். சட்டம் எனக்குத் தெரியாம இல்ல. மனசு ஒப்பல" என்று அம்மாவிடம் சொன்னார்.

கடைசியில் டாக்டர் ஓர் ஏற்பாட்டுக்கு இறங்கி வந்தார். மாட்டுக் கணையத்தில் மட்டும் செய்த மருந்து கிடைக்குமா என்று சென்னைக்கு எழுதிக் கேட்பார். பதில் வரும்வரை, அல்லது என் கல்லூரி திறக்கும்வரை, உணவை மட்டும் வைத்துச் சர்க்கரையை இறக்கிப் பார்ப்பது. அரிசி கூடாது, கிழங்கு கூடாது. ஒரு கோதுமை ரொட்டியும், வேகவைத்துத் தண்ணீரை வடித்து எறிந்த காயும்தான். காயின் மாவும் இனிப்பும் தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் மூன்று தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும் என்றார். பிறகு சிறிது யோசித்து, "டின் காய்னா அவங்களே வேகவெச்சுட்டாங்க. வடிச்சாப் போதும். உங்க கடையிலதான் மலையாட்டம் கெடக்குதே, பாய்" என்றார்.

அத்தாவின் முகம் அன்று முதல் தடவையாகத் தெளிந்தது. தன் நோய்க்குத் தன் கடையிலேயே மருந்து இருக்கிறது என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

"எந்தக் காய் இவருக்கு ஒத்துக்கும், எது ஏத்தும்னு ஒண்ணொண்ணா வெச்சுப் பாக்கணும்" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். "காலேஜ்ல படிக்கற புள்ளதானே? சோதனை செய்யச் சொல்லித் தர்றேன்."

"நான் இலக்கியம் படிக்கிறேன், டாக்டர்."

"சர்க்கரைக்கு அது தெரியாதும்மா."

அவர் தந்தவை ஒரு சீசா நீல மருந்து, இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒரு ஸ்பிரிட் விளக்கு. குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில துளி சிறுநீர் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, மோசமானால் செங்கல் நிறத்தில் வண்டலாக இறங்கும். இரத்தத்தையே எடுத்துப் பார்க்கும் வசதி சென்னையில்தான் இருந்தது. இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரைதான் சிறுநீரில் இறங்குகிறது, ஆகவே இதைக் கொண்டு அதை ஊகிக்கலாம் என்றார் டாக்டர்.

ஸ்பிரிட் விளக்குக்கு அம்மா மாடியில் இடம் தரவில்லை. "சாராயத்த ஊட்டுக்குள்ள கொளுத்தறதா?" என்று கேட்டாள். குடிக்கிற சாராயம் அல்ல என்று நான் விளக்கிச் சொன்னேன். "கள்ளுக்கடையில இருக்கறவனும் அப்பிடித்தான் சொல்லுவான்" என்றாள். ஆகவே கடைக்குப் பின்னால், கிணற்றடி மறைப்பில், மழைச்சாரல் படாத ஒரு மூலையில் என் சோதனைச்சாலை அமைந்தது. சோதனை முடிந்ததும் முழங்கை வரை மூன்று முறை கழுவாமல் நான் அடுப்படிக்குள் நுழையக் கூடாது.

அத்தாவும் நானும் அதிகம் பேசிக்கொள்பவர்கள் அல்லர். கல்யாணமாகாத மகளிடம் தன் சிறுநீர்ப் புட்டியைக் கொடுப்பது அவருக்கு எவ்வளவு கூசியிருக்கும் என்பதை நான் அறிவேன். அவர் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கிணற்றடிச் சுவரின் மீது வைத்துவிட்டு, ஒருமுறை இருமிவிட்டுப் போய்விடுவார். இருமல் கேட்டதும் நான் இறங்கிப் போவேன். நிறத்தை அவரிடம் வாயால் சொன்னதும் இல்லை. கழுவாத குழாயை அதே சுவரின் மீது நிறுத்திவைப்பேன். அவர் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஜூன் மாதத்து மூட்டம் இறங்கியிருந்தது. சீசனுக்கு வந்த துரைமார் கீழே இறங்கிவிட்டார்கள். விற்காத டின்கள் அலமாரிகளில் நின்றன. ஈரத்தில் பசை இளகி, டின்களின் மேல் ஒட்டிய படத்தாள் கழன்று விழும். படம் இல்லாத டின்னை எந்தப் பங்களாவும் வாங்காது. அவை எங்கள் அடுப்படிக்கு வரும். எல்லா வருடமும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் குலுக்கிப் பார்த்துச் சொல்வது அத்தாவின் பெருமைகளில் ஒன்று.

"இது பட்டாணி" என்று காதருகே ஆட்டிக் கொடுப்பார். அம்மா வெட்டித் திறப்பாள். பீட்ரூட் இருக்கும்.

"இத்தன வருசமா விக்கறீங்க. பட்டாணிக்கும் பீட்ரூட்டுக்கும் வித்தியாசம் தெரியலீங்களா?"

"விக்கறவனுக்கு டின்னோட வெளிப்பக்கந்தான் தெரியும். உள்பக்கம் வாங்கறவன் பாடு" என்பார்.

சோலூர்க் காரட்டும் கோத்தகிரிப் பீன்ஸும் மார்க்கெட்டில் குவிந்து கிடக்க, நாங்கள் கடல் தாண்டி வந்த காரட்டையும் பீன்ஸையும் திறந்துகொண்டிருந்தோம். ஒரு நாளைக்கு ஒரு காய் என்று வைத்துக்கொண்டேன். ஒரே கிண்ணத்தில் ஒரே அளவு, கூடவே ஒரே ஒரு ரொட்டி. அளந்து வைப்பது நான், பரிமாறுவது அம்மா. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் சோதனை. வேறு எதையும் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. ஒரே செய்யுளின் இரண்டு பாடங்களை ஒப்பிடும்போது நான் கையாளும் முறைதான்.

முதல் வாரத்தில் ஓர் ஒழுங்கு கிடைத்தது போலிருந்தது. பட்டாணியும் பீட்ரூட்டும் செங்கல் நிறம். காரட் ஆரஞ்சு. பீன்ஸ் மஞ்சள். பசலைக்கீரை நல்ல பச்சை. பசலைதான் இவருக்கு ஏற்றது என்று முடிவு செய்தேன். டாக்டரிடமும் சொன்னேன், அவர் தலையசைத்தார். அலமாரியில் படத்தாள் ஒட்டியிருந்த பசலை டின்களையும் அத்தா வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்.

இரண்டாம் வாரத்தில் அந்த ஒழுங்கு குலைந்தது. திங்கட்கிழமை பசலை, பச்சை. புதன்கிழமை அதே பசலை, அதே கிண்ணம், செங்கல். குழாயில் பழைய வண்டல் ஒட்டியிருக்கலாம் என்று சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி செய்தேன். செங்கல்தான். மறுநாள் பீன்ஸ், பட்டாணியைவிட மோசமாகக் காட்டியது. எதை எதனோடு ஒப்பிடுவது என்றே தெரியவில்லை. செங்கல் நிறக் குழாயைச் சுவரின் மீது நிறுத்திவைத்துவிட்டு, அவர் வருவதற்குள் மாடிக்கு ஏறிவிடுவேன்.

அம்மாவுக்கு அதில் குழப்பமே இல்லை. "எங்கியோ போயித் திங்கறாரு" என்றாள். சர்க்கரை டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். கடையின் ஜாம் சீசாக்களை எண்ணச் சொல்லி என்னை அனுப்பினாள், நான் போகவில்லை.

மூன்றாம் வாரத்தில், எல்க் மலைப் பக்கத்துப் பங்களா ஒன்றின் பட்லர் கடைக்கு வந்தார். நான் உள்ளறையில் இருந்தேன். திரைக்கு அப்பாலிருந்து பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எங்க துரைக்கும் இதே வியாதிதான், பாய். காலையில ஒரு ஊசி, சாயந்தரம் ஒரு ஊசி. போட்டுக்கிட்டு கோல்ஃப் ஆடப் போயிடறாரு. நீங்க என்னடான்னா வெந்த கீரையத் தின்னுட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கறீங்க."

"உங்க துரைக்கென்னப்பா. நாலு கால் இருக்கறது எதுவும் அவருக்கு ஆகாதுன்னு இல்ல."

"மேசைய மட்டும் விட்டு வெச்சிருக்காரு, பாய்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு பட்லர் குரலைத் தாழ்த்தி, "கால் எப்பிடி இருக்குதுங்க?" என்று கேட்டார். அதற்கு அத்தா என்ன பதில் சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

அன்று மாலை அம்மா நேராகவே கேட்டுவிட்டாள். "ஏனுங்க, அல்வாக் கடையில என்ன வாங்கித் தின்னீங்க? சொல்லீருங்க."

அத்தா ரொட்டியைத் தட்டில் வைத்தார். "நான் திங்கல."

"பின்ன எப்பிடி ஏறுது?"

"நான் திங்கலன்னா திங்கலதான்." அவர் குரல் உயரவில்லை. என்னைப் பார்த்தார். "நீயும் அப்பிடித்தான் நெனைக்கறயா, கண்ணு?"

இல்லை என்றேன். ஒரு நொடி தாமதித்துத்தான் சொன்னேன். அவர் பாதி ரொட்டியோடு எழுந்துவிட்டார். மாடிப்படியில் ஒரு காலை இழுத்து இறங்கும் ஓசை நெடுநேரம் கேட்டது.

காரணம் மறுநாள் நண்பகலில் தெரிந்தது. வழக்கமாக அந்நேரம் படித்துக்கொண்டிருக்கும் நான், அன்று தலைவலி என்று சொல்லி அடுப்படிக்கே போய்க் குந்தியிருந்தேன். அம்மா ஒரு பட்டாணி டின்னைத் திறந்து, ஒரு தட்டத்தால் வாயை மூடிக் கவிழ்த்து, தண்ணீரை வடித்தாள். பட்டாணி எனக்கும் அவளுக்கும். வடித்த தண்ணீரை, மூலையில் மூடியிருந்த ஒரு மண்சட்டியில் ஊற்றினாள். சட்டியில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. அதை அடுப்பில் ஏற்றி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, சிறிது புளி கரைத்து விட்டாள்.

"இது யாருக்கும்மா?"

"அத்தாவுக்குத்தான். வெறும் ரொட்டி தொண்டையில எறங்குதா அவருக்கு? இந்த மொளகுச்சாற ஊத்திக் குடுத்தா நனச்சு நனச்சுத் திங்கறாரு."

"வடிச்ச தண்ணிய எறியணும்னு டாக்டர் சொன்னாரே."

"டாக்டரு ஆம்பள. அவரு அடுப்புக்கிட்ட நின்னாரா? காயில இருக்கற சத்தெல்லாம் தண்ணியிலதானே எறங்கியிருக்கும். அதக் கொண்டுபோயிச் சாக்கடையில கொட்டச் சொல்றாரு. கொட்டினா ஊட்டுல பரக்கத்துப் போயிரும், விருத்தி இருக்காது, புள்ள. சோத்துக் கஞ்சியவே நான் கொட்டறதில்ல." பிறகு, ஒரு நல்ல செய்தியைச் சொல்லும் குரலில், "எல்லா டின்னுத் தண்ணியும் அவருக்குத்தான் வெச்சிருக்கறன். நமக்கு ஒரு சொட்டு எடுக்கல" என்றாள்.

சட்டியில் விழாமல் தட்டத்தில் தங்கியிருந்த தண்ணீரில் நான் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. பட்டாணிக்கு இயல்பாக இருக்கும் இனிப்பு அல்ல. உப்போடு சேர்த்துச் சர்க்கரையையும் போட்டு அடைத்த தண்ணீர். எஞ்சியதை ஒரு கரண்டியில் ஊற்றித் தணலில் காட்டினேன். நீர் வற்றியதும் அடியில் பிசுபிசுவென்று ஒரு பாகு நின்றது. கரண்டியை அம்மாவிடம் நீட்டினேன்.

அவள் தொட்டு நக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் ஒருமுறை தொட்டு நக்கினாள். "புளிக்கும் மொளகுக்கும் தெரியலையே" என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்த சட்டியை வெறும் கையால் இறக்கினாள். சுட்டிருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை.

ஆக, நான் ஒப்பிட்டது காய்களை அல்ல. முந்திய நாளின் பட்டாணித் தண்ணீர் மறுநாளின் பசலையோடு சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. பசலை பச்சையாகக் காட்டிய நாள், சட்டியில் வெறும் உப்புத் தண்ணீர் இருந்த நாளாக இருக்கலாம். மூன்று வாரம் நான் நிறுத்திவைத்த குழாய்களில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று பிரித்தறிய வழியே இல்லை.

அத்தாவிடம் அம்மாவே போய்ச் சொன்னாள். நான் வாசற்படியில் நின்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் சிரித்தார். "அப்ப நான் திங்கல. பாத்தியா? நான் திங்கல" என்று என்னைப் பார்த்து இரண்டு முறை சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதும், "தெரியாமச் செஞ்சதுக்கு மறுமையில கேள்வி கெடையாது. போயி ரொட்டியப் போடு" என்றார்.

அதன் பிறகு டின்னைத் திறந்ததும் தண்ணீரை நானே வடித்து, சாக்கடையில் கொட்டி, காயை வேறு தண்ணீரில் இருமுறை அலசிக் கொடுத்தேன். கொட்டும்போது அம்மா அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். நிறம் இறங்கியது. ஆரஞ்சு, பிறகு மஞ்சள், பிறகு பச்சை. ஒருநாள் காலை கிட்டத்தட்ட நீலமே நின்றது. அத்தா அந்தக் குழாயைச் சுவரிலிருந்து எடுத்து, கழுவாமலேயே, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றதை மாடிச் சன்னலிலிருந்து கண்டேன். ஊசி இல்லாமலேயே வென்றுவிட்டோம் என்று அவர் நம்பினார். இரண்டு நாள் நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது விரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலின் அடிவரை நீலம் ஓடியிருந்தது. டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு விரலையும் எடுத்தாகணும், பாய். இப்ப எடுத்தா ரெண்டோட நிக்கும். ஆனா ஊசி இல்லாம நான் கத்திய வெக்க மாட்டேன். வெச்சா அந்தப் புண்ணும் ஆறாது. அப்பறம் முழங்கால்."

"சர்க்கரை எறங்கீருச்சுங்களே" என்றார் அத்தா.

"எறங்குச்சு. நேரங்கழிச்சு."

அந்தத் தண்ணீர்தான் இவ்வளவுக்கும் காரணமா என்று நான் டாக்டரைத் தனியே கேட்டேன். அது மட்டும் என்று சொல்ல முடியாது, அது இல்லாதிருந்தால் காலம் கிடைத்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம் என்றார். இந்தப் பதிலின் முதற்பாதியை மட்டும் நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

சென்னையிலிருந்து பதிலுக்குப் பதிலாக ஒரு பெட்டியே வந்திருந்தது. டாக்டர் அதை மேசை மேல் வைத்தார். அத்தா அதைத் தொடாமல் என் பக்கம் தள்ளச் சொன்னார். "நீ இங்கிலீசு படிச்சவ. எந்த மிருகம்னு போட்டிருக்குதா பாரு, கண்ணு."

பெட்டியின் நான்கு பக்கமும் படித்தேன். உள்ளே மடித்திருந்த தாளையும் படித்தேன். கணையம் என்ற சொல் இருந்தது. அளவு இருந்தது, குளிரில் வைக்க வேண்டும் என்று இருந்தது. மிருகத்தின் பெயர் எங்கும் இல்லை. மாடு என்று நான் சொன்னால் அவர் அக்கணமே கையை நீட்டியிருப்பார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

"போடலீங்க, அத்தா" என்றேன்.

வெளியே குதிரை வண்டிகள் சேற்றில் போகும் சத்தம். பிறகு அத்தா டாக்டரிடம் அல்ல, என்னிடம்தான் பேசினார்: "பன்னின்னு போட்டிருந்தாச் சொல்லியிருப்பதானே?"

"சொல்லியிருப்பேன்."

அவர் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினார். பித்தான் கழலவில்லை. அம்மா எழுந்து வந்து கழற்றிவிட்டாள்.

இரண்டு கால்விரல்களோடு நின்றது. கல்லூரிக்கு நான் பத்து நாள் தாமதமாகப் போனேன். கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் ஊசி போடும் முறையை டாக்டர் அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தார். எனக்குத்தான் கற்றுத்தர வந்தார். நான் ஊருக்குப் போகிறவள் என்று அம்மா ஊசியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் போகும்போது பார்க்கிறேன். காலையில் ரொட்டிக்கு முன்னால் அத்தா சன்னலோரம் உட்கார்ந்து கையை அம்மாவின் பக்கம் நீட்டுவார். முகம் தெருவின் பக்கம் இருக்கும். கடையைத் திறக்க, தண்ணீர் குடிக்க, படியில் கால் வைக்க, எல்லாவற்றுக்கும் இறைவன் பெயரால் என்று பிஸ்மில்லா சொல்லித் தொடங்குகிறவர் அவர். இதற்கு மட்டும் சொல்வதில்லை. ஊசி நுனியைத் தோலில் வைத்ததும் அம்மா சொல்கிறாள், அவருக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும். அவர் அவளைத் தடுப்பதும் இல்லை, கூடச் சேர்ந்து சொல்வதும் இல்லை.